ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் பேப்பர் எழுத உட்காரும் ஆராய்ச்சி மாணவர்கள் பலரும் முதலில் தங்கள் துறையில் வெளிவந்த நாலைந்து பேப்பர்களைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் தவறே இல்லை. முன்னுரைக்கென்று ஒரு நடையும் வரிசையும் உண்டு. படித்துப் படித்துத்தான் அது கைவரும். ஆனால் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது செய்ய வேண்டிய வேலையை விட்டுவிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

அந்த வேலை என்ன? மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1981-இல் பல துறைகளைச் சேர்ந்த 48 முன்னுரைகளை எடுத்து ஆராய்ந்தார். 1990-இல் அதைத் திருத்தி மூன்று படிகளாகச் சொன்னார். முதலில் களத்தைக் காட்ட வேண்டும். பிறகு அந்தக் களத்தில் எது இன்னும் தீராமல் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். கடைசியாக, அதில் நாம் எதைச் செய்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாடிக்கைத் தொடர்கள் எல்லாமே இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்காக வந்தவை.

முதல் படியில் நடக்கும் தவறு, ரொம்பத் தொலைவிலிருந்து தொடங்குவது. 'இன் ரீசண்ட் இயர்ஸ்' என்று ஆரம்பித்து, இந்தத் துறை பெரும் கவனத்தைப் பெற்று வருகிறது என்று முடியும் வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். உங்கள் முதல் வாக்கியத்தை வெட்டி, பக்கத்து மேசை ஸ்காலரின் பேப்பரில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்துகிறதா? அப்படியானால் அடித்துவிடுங்கள். 1928 மார்ச் 31-இல் 'நேச்சர்' இதழில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் எழுதிய சிறு குறிப்பு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஒளியின் வரலாறு, முக்கியத்துவம் எதுவும் அதில் கிடையாது. எக்ஸ்-கதிர்ச் சிதறலில் இயற்பியலாளர் காம்ப்டன் கண்ட இரு வகைகளை எடுத்து, சாதாரண ஒளியிலும் அப்படி இரு வகை இருக்க வேண்டுமே என்ற எதிர்பார்ப்பை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அது இயற்பியலாளர்களுக்கான குறுங்கடிதம், சரி. இன்றைய நீண்ட கட்டுரைக்குப் பின்னணியாக ஒரு பத்தியாவது தேவைதான். அந்தப் பத்தியும் கேள்வியின் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.

அடுத்தது, முந்தைய ஆய்வுகளை வருகைப் பதிவேடு போல வரிசையாக அடுக்குவது. இன்னார் 2012-இல் இதை ஆராய்ந்தார், இன்னார் 2015-இல் அதை ஆராய்ந்தார் என்று ஆளுக்கொரு வாக்கியம் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. அவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முரண்படுகிறார்கள் என்பதை வைத்துச் சேர்த்து எழுத வேண்டும்.

மிக அதிகமாகச் சறுக்குவது இரண்டாம் படியில்தான். 'ஹவெவர்' என்று ஒரு சொல், அதன் பின்னால் 'இது பற்றி ஆய்வுகள் குறைவு' என்று ஒரு வரி, அவ்வளவோடு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். யாரும் செய்யவில்லை என்பது மட்டும் காரணமாகாது. செய்யத் தேவையில்லாததாலும் விட்டிருக்கலாம். 1953-இல் டி.என்.ஏ. அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியும் டி.என்.ஏ.வுக்கு மூன்று சங்கிலி அமைப்பை ஏற்கெனவே முன்வைத்திருந்தார்கள். அது ஏன் போதாது என்பதற்கு வாட்சனும் கிரிக்கும் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். அமில ஹைட்ரஜன் அணுக்கள் இல்லாவிட்டால், நடு அச்சுக்கு அருகே இருக்கும் எதிர்மின் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்குமே, எந்த விசை அமைப்பைச் சேர்த்துப் பிடிக்கும் என்பது ஒன்று. சில அணுக்களுக்கிடையே தூரம் மிகக் குறைவாக இருக்கிறது என்பது மற்றொன்று. அதற்கப்புறம்தான் தங்கள் அமைப்புக்கு வருகிறார்கள். இடைவெளியைக் காட்டுவது என்றால் இதுதான்.

நம் ஊர் விஷயம் ஒன்றை ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் ஆலைகள் உள்ள வாணியம்பாடிப் பகுதி நிலத்தடி நீரில் குரோமியம் பற்றி எழுதுகிறீர்கள். 'இந்தக் குறிப்பிட்ட கிராமங்களில் இதுவரை ஆய்வு நடக்கவில்லை' என்று எழுதினால், கட்டுரையை மதிப்பிடும் ரிவியூவர் 'நடக்காவிட்டால் என்ன?' என்று கேட்பார். 'முந்தைய ஆய்வுகள் கோடையில் மட்டும் மாதிரி எடுத்தன. மழைக்குப் பின் குரோமியம் ஆழத்துக்கு இறங்குகிறதா என்பதை அவற்றிலிருந்து சொல்ல முடியாது' என்று எழுத முடிந்தால், கேள்வி தானாகவே எழுந்து நிற்கும். அப்படி எழுத அந்தப் பேப்பர்களின் செய்முறைப் பகுதியை உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

'எங்களுக்குத் தெரிந்தவரை இதுவே முதல்' என்ற தொடரையும் தேடிப் பார்த்த பிறகே எழுதுங்கள். எந்த வகையில் முதல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு தவறு பயத்தில் பிறப்பது. எழுத்துத் திருட்டுச் சோதனையில் மற்ற கட்டுரைகளோடு ஒத்துப்போகும் சதவீதம் ஏறிவிடும் என்று வாடிக்கைத் தொடர்களையும் கலைச்சொற்களையும் சொல் மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு மாற்றிக்கொள்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 2021-இல் ஆய்வாளர்கள் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் மூவரும் இப்படிச் சிதைந்த தொடர்களைத் தேடி, அச்சான கட்டுரைகளிலேயே கண்டுபிடித்தார்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூஸம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகியிருந்தது. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகியிருந்தது. இப்படி ஒரு தொடர் கண்ணில் பட்டாலே அந்தக் கட்டுரை முழுவதன் மீதும் சந்தேகம் விழும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளே பொதுவாகத் தெரிந்தவையும் தற்செயலாக ஒத்துவரும் தொடர்களும் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை இருந்தால் கணக்கில் சேராது என்கின்றன. 'இந்த ஆய்வின் நோக்கம்' என்று தொடங்கும் தொடர் யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவருடைய வாதத்தையும் தகவலையும் எடுப்பதுதான் திருட்டு.

மூன்றாம் படியில், நோக்கத்தைச் சொல்லும் வாக்கியம் எங்கோ புதைந்து கிடக்கக் கூடாது. சுருக்கத்தில் ஒரு நோக்கம், முன்னுரையில் ஒரு நோக்கம் என்று இரண்டாகவும் இருக்கக் கூடாது. இந்த வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற இடைவெளியை எழுதி, தொடக்கப் பத்தியைக் கடைசியில் எழுதுவது நல்லது. 'இக்கட்டுரையின் மீதிப் பகுதி பின்வருமாறு' என்ற பத்தி கணினி அறிவியலிலும் பொருளாதாரத்திலும் வழக்கம். மற்ற துறையினர் அனுப்பப்போகும் ஜர்னலின் சமீபத்திய இதழைப் புரட்டிப் பார்த்து, அங்கே அந்தப் பத்தி இல்லையென்றால் விட்டுவிடலாம்.