நெடுந்தூரக் குதிரைச் சவாரியில் தொண்டு செய்ய வருகிறீர்களா?

செட்டிநாட்டுப் பக்கம் இந்தச் சவாரிக்குத் தோதான மாதங்கள் தையும் மாசியும்தான். பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே செம்மண் பாதை கொதிக்கும். தூரம் 40 கிலோமீட்டரும் இருக்கலாம், 80, 120, 160-உம் இருக்கலாம். எதுவானாலும் முதலில் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. வழியில் உள்ள நிறுத்தங்களிலும் முடிவிலும் கால்நடை மருத்துவர் பார்த்துத் தேறவில்லை என்றால் அந்தக் குதிரை கணக்கிலேயே வராது. தொண்டர் வேலை அத்தனையும் இதைச் சுற்றித்தான்.

முதலில் தண்ணீர். ஒரு நிறுத்தத்தில் ஒரு குதிரைக்குக் குடிக்க 20 லிட்டர், மேலே ஊற்ற 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 குதிரை இரண்டு தடவை அந்த வழியாக வந்தால் 1,500 லிட்டர். ஊர் குடிக்கிற ஊருணியில் வாளியை முக்கக் கூடாது. ஊராட்சியில் முன்கூட்டியே சொல்லி டிராக்டர் டேங்கர் வரவழையுங்கள். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டினால் நல்ல தொட்டி கிடைக்கும். ஆனால் மருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் ஆகாது. வெட்டிய விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குதிரையின் உதடு கிழியும். புளியமரத்து நிழலில் வைத்து முதல் நாள் சாயங்காலமே நிரப்புங்கள். குளோரின் வாடை அடிக்கிற தண்ணீரைப் பல குதிரைகள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும்.

குடிக்கிற தொட்டியில் ஸ்பாஞ்சை நனைக்க விடாதீர்கள். வியர்வை உப்பு கலந்தால் அடுத்து வரும் குதிரை வாய் வைக்காது. மேலே ஊற்றுவதற்குத் தனி வாளி. கழுத்து, மார்பு, கால்களின் உள்பக்கம் என்று விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். “சூட்டோடு தண்ணி காட்டாதே” என்று பெரியவர்கள் தடுப்பார்கள். நடுவழியில் தாகத்தோடு வந்த குதிரையைத் தடுப்பதுதான் ஆபத்து; அது தானாகத் தலையைத் தூக்கும்வரை குடிக்கட்டும்.

அதிகம் தப்பு நடக்கிற இடம் நேரப் பதிவு. மருத்துவச் சோதனை வாசலில் இரண்டு நேரங்களைக் குறிக்க வேண்டும்: குதிரை வந்த நேரம், நாடித்துடிப்பு இறங்கித் தேறிய நேரம். அடுத்த கட்டத்துக்குக் கிளம்புமுன் எடுக்க வேண்டிய ஓய்வு இரண்டாவதிலிருந்துதான் தொடங்கும். 7:42-க்கு வந்து 7:51-க்குத் தேறிய குதிரைக்கு 40 நிமிட ஓய்வு என்றால் 8:31-க்குத்தான் கிளம்பலாம். வந்த நேரத்திலிருந்து கூட்டி 8:22 என்று எழுதிவிட்டால், களைத்த பிராணியின் ஒன்பது நிமிட ஓய்வைப் பிடுங்கிவிட்டீர்கள். எல்லா நிறுத்தங்களிலும் கடிகாரம் ஒரே மணி காட்டுகிறதா என்று விடியுமுன் சரிபாருங்கள்.

துடிப்பு பொதுவாக நிமிடத்துக்கு 64-க்குள் இறங்க வேண்டும். அன்றைய மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுவே கணக்கு. இடது தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே மெதுவாகப் போங்கள். மிரண்டால் துடிப்பு ஏறிவிடும். ஸ்டெதாஸ்கோப்பை இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், சேணத்து வார் போகிற இடத்தில் வையுங்கள். “லப்-டப்” இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. புதியவர்கள் இதை இரண்டாக எண்ணி 50-ஐ 100 என்று சொல்லிவிடுவார்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிசகு நாலாகிவிடும். அதனால் 64-ஐ ஒட்டி வந்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள்.

சும்மா நிற்கும்போது குதிரையைப் பாருங்கள். கொள்ளுத் தீனியோ குதிரைமசால் தழையோ நீட்டினாலும் திரும்பிப் பார்க்காதது, உடம்பு சரியில்லை என்பதற்கு முதல் அறிகுறி. ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பறிப்பது வயிற்றுவலி. விலா இதயத் துடிப்போடு சேர்ந்து சுண்டினால் உப்புச்சத்து குலைந்திருக்கிறது. பின்பக்கத் தசை இறுகி, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் ஓரடிகூட நடத்தாதீர்கள். நின்ற இடத்துக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சவாரிக்காரர் “ஒண்ணுமில்லை” என்றாலும் சொல்லிவிடுங்கள். சங்கடம் பார்க்காதீர்கள்.

திருப்பங்களில் நிற்பவர்கள் தொப்பி போட்டு வாருங்கள், குடை வேண்டாம். குடை படக்கென்று விரிந்தால் எந்தக் குதிரையும் துள்ளும். துண்டையும் உதறாதீர்கள். முதல் நாளே பாதையைக் கூட்டிச் சீமைக்கருவேல முள்ளை அகற்றுங்கள். குளம்பின் மெத்தென்ற நடுப்பகுதியில் ஏறினால் அன்றோடு சவாரி முடிந்தது. வழிகாட்டும் ரிப்பன் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ரிப்பன் போனாலும் வழி தெரிய, தரையில் சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி போடுங்கள்.

ஐயனாருக்குப் புரவி எடுக்கிற ஊர்கள் இவை. குதிரையைக் கண்டால் ஆசையாக வெல்லத்தோடும் பழத்தோடும் ஓடி வருவார்கள். “ஆச்சி, இப்ப வேண்டாம், சவாரி முடிஞ்சதும் சொந்தக்காரரைக் கேட்டுட்டுக் கொடுங்க” என்று தன்மையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

வந்த குதிரைகளின் எண்களை அடுத்த நிறுத்தத்தோடு போனில் ஒத்துப் பாருங்கள். இங்கே தாண்டிய எண் அங்கே வரவில்லை என்றால் உடனே தேட ஆள் போக வேண்டும். கடைசிக் குதிரைக்குப் பின்னால் வரும் வண்டி வந்து சொல்லும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். கிளம்பும்போது ரிப்பன்களை எண்ணி அவிழ்த்து எடுத்து வாருங்கள். விட்டுவைத்தால் மறுநாள் அது மேய்ச்சல் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.