லீவில் வரும் பட்டாளத்துக்காரரை அழைத்துவர ஏர்போர்ட் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ராணுவத்தில் வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. கேட்பதற்கு மூன்று மாதம் மாதிரி இருக்கும். ஆனால் அது மொத்தமாகக் கைக்கு வருவதில்லை, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், அதிலும் போக வர வழியிலேயே சில நாள் போய்விடும். அதனால் சென்னை மீனம்பாக்கத்தில் அவர் வந்து இறங்கும் முதல் ஒரு மணி நேரம் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டுமே சொந்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சொந்தக்காரர்கள் நாம் ஆசை ஆசையாகச் செய்கிற பல காரியங்கள் முதலில் கெடுப்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, அவர் வரும் தேதியை நம்பி விசேஷம் வைப்பது. அவர் டூட்டி லடாக் பக்கம் என்றால், அங்குள்ள லே விமான நிலையத்திலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் கிளம்பும், வானிலை கெட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். டெல்லியில் மாறி ஏறுகிறவர் என்றால் டிசம்பர், ஜனவரியில் அங்கே மூடுபனி. லீவு சாங்ஷன் ஆனாலும் நிச்சயமில்லை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் லீவில் ஊருக்கு வந்திருந்தவர்களையே பாதியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். காதுகுத்தோ நிச்சயதார்த்தமோ, நாலைந்து நாள் தள்ளியே வையுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, எப்படியாவது வந்துவிடு என்று போனில் நச்சரித்தால் வழியில் ராணுவத்தினர் தங்கிக் காத்திருக்கும் டிரான்ஸிட் கேம்பில் உட்கார்ந்திருக்கும் மனிதர் என்னதான் செய்வார்?

அடுத்தது கூட்டம். வேலூர் பக்கத்திலிருந்து, கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் ஆள் இருக்கிற ஊர்களிலிருந்து வேன் பிடித்து வருவார்கள், அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் டிக்கெட் இல்லாதவர்களை ஏர்போர்ட் காவலில் இருக்கும் சிஐஎஸ்எஃப் படை உள்ளே விடாது, எல்லோரும் வெளியில்தான் நிற்க வேண்டும். உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு டெர்மினல்களில் வருகின்றன, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு பேர் உட்காரும் காரில் ஏழு பேரும் ஏறிக்கொண்டு போகாதீர்கள். அவருக்கும் அவருடைய பெரிய லக்கேஜுக்கும் இடம் வேண்டாமா?

இப்போது குழந்தை விஷயம். போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை, வரும்போது ஓடுகிறது. போனில் தினமும் முகம் பார்த்திருக்கும், ஆனாலும் வெயிலில் கறுத்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு நேரில் வந்து நிற்கிறவரைப் பார்த்ததும் அம்மாவின் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். உடனே சுற்றி இருக்கிறவர்கள், "உங்கப்பாதான்டா, போடா அப்பாகிட்ட" என்று தூக்கி அவர் கையில் திணிப்பார்கள். அது வீறிடும், அவர் சிரித்துச் சமாளிப்பார், ஆனால் முகம் வாடிவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அவர் குனிந்து உட்காரட்டும், பையிலிருந்து எதையாவது எடுத்து நீட்டட்டும், குழந்தை தானாக வர பத்து நிமிடமும் ஆகலாம், ராத்திரியும் ஆகலாம்.

அப்புறம் மனைவி. மாமா, சித்தப்பா, மச்சான் எல்லோரும் முன்னால் போய்த் தோளைத் தட்டிக்கொண்டிருக்க, அந்தப் பெண் கைப்பையோடு பின்னால் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை. அம்மாவும் மனைவியும் முதலில் போகட்டும், மற்றவர்கள் சற்று ஒதுங்கி நில்லுங்கள். காரிலும் அவருக்குப் பக்கத்து சீட்டை அந்தப் பெண்ணுக்கு விடுங்கள்.

படம் எடுங்கள், ஆனால் ஊருக்கெல்லாம் போடாதீர்கள். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டது. அவர்கள் அவ்வளவு கவனமாக இருக்கும்போது, எந்த ரெஜிமென்ட், எங்கே டூட்டி, எத்தனை நாள் லீவு என்று எல்லாவற்றையும் நாம் எழுதிப் போட்டால் என்ன அர்த்தம்? பேர், ரேங்க், யூனிட் எல்லாம் அச்சடித்த ஃபிளெக்ஸும் அப்படித்தான். கற்பூரம், வெடி இரண்டையும் ஏர்போர்ட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஆரத்தி வீட்டு வாசலில் எடுத்தால் போதும்.

காரில் ஏறியதும் "எப்போ திரும்பணும்?" என்று கேட்காதீர்கள். தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். எல்லையில் என்ன நடந்தது, சுட்டீர்களா என்பதும் வேண்டாம், சொல்ல நினைத்தால் அவரே சொல்வார்.

கடைசியாக மிலிட்டரி சரக்கு. ஜிஎஸ்டி ரோடு தாண்டுவதற்குள் "பாட்டில் கொண்டுவந்தியா மாப்ளே?" என்று ஒருவராவது கேட்டுவிடுகிறார். ராணுவ கேன்டீனில் ரேங்குக்கு ஏற்ற மாதக் கணக்கு உண்டு, அவர் கார்டில் அது பதிவாகிறது, வெளியில் கைமாற்றிச் சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கைமாற்றுக் கடன் கேட்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை எப்போது வந்து பார்க்கலாம் என்று அவர் அம்மாவிடமோ மனைவியிடமோ போனில் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளில் போங்கள்.