மடிக்கணினியில் வீடியோ திணறும்போது செய்யக்கூடாதவை

மடிக்கணினி பழுது பார்க்கப் பழகும் இளைஞர்களைக் கவனித்துவருகிறேன். நான் தொழில் கற்ற காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை பிசகாமல் செய்கிறார்கள். இணைய வேகத்தைப் பார்ப்பதும் கணினியை ஒருமுறை அணைத்துப் போடுவதும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியவை அல்ல என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடனே ரேம் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கல்லூரி மாணவர் ஒருவர், யூடியூபில் 4கே வீடியோ விட்டுவிட்டு ஓடுகிறது என்று ஒரு கடையில் காட்ட, அவர்கள் வேறெதையும் பார்க்காமல் 8 ஜிபி ரேமை 16 ஜிபி ஆக்கி அனுப்பிவிட்டார்கள். பணம் போனது, திணறல் அப்படியே இருந்தது. என்னிடம் வந்தபோது வீடியோவை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரியில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது, பிராசசர் நூறு விழுக்காட்டில் முட்டிக்கொண்டிருந்தது, கிராபிக்ஸ் பகுதியைக் காட்டும் ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ டிகோடு’ என்ற கட்டத்தில் கோடு தரையோடு படுத்திருந்தது.

சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் பகுதியில் தனிச்சுற்று உண்டு. ஆனால் அது தனக்குத் தெரிந்த கோடெக்குகளை, அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைகளை, மட்டுமே விரிக்கும்; தெரியாதது வந்தால் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். இன்டெல் மடிக்கணினிகளில் ஏவி1 கோடெக்கை விரிக்கும் சுற்று 2020இல் வந்த 11ஆம் தலைமுறையில்தான் சேர்ந்தது. மாணவருடையது 8ஆம் தலைமுறை. ஓடும் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து, நுணுக்க விவரங்களைக் காட்டும் கடைசித் தெரிவை எடுத்தால், கோடெக் வரியில் ‘ஏவி01’, ‘விபி09’, ‘ஏவிசி1’ என்பவற்றுள் ஒன்று இருக்கும். தவறவிட்ட பிரேம்களின் எண்ணிக்கையும் அங்கேயே ஏறிக்கொண்டிருக்கும். அவருக்கு ‘ஏவி01’ வந்துகொண்டிருந்தது. ஏவி1 வடிவத்தைத் தடுக்கும் நீட்டிப்பு ஒன்றைப் பிரவுசரில் சேர்த்ததும் யூடியூப் விபி9 வடிவத்தை அனுப்பத் தொடங்கியது. அதை விரிக்கும் சுற்று 7ஆம் தலைமுறையிலிருந்தே இருப்பதால் திணறல் நின்றது. இத்தனைக்கும் அந்தத் திரை 1366×768 அளவுதான். 1080பி வைத்திருந்தாலே அவர் கண்ணுக்கு வேறுபாடு தெரிந்திருக்காது.

ரேமால் வீடியோ திணறுவதே இல்லை என்று சொல்லவில்லை. மெமரி நிரம்பி வழிந்து, ஹார்டு டிஸ்க் ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தால் ரேம் வாங்கலாம். அதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்க வேண்டும் என்பதே என் கோபம்.

விண்டோஸை மாற்றிப்போட்டு அப்படியே விடுவது

பார்மட் செய்தபின் டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று நின்றால் கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். அந்த நிலையில் எந்தக் கோடெக்கும் தனிச்சுற்றுக்குப் போகாது. முன்பு ஓரளவு ஓடிய வீடியோகூட இப்போது நகராது. மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரை ஏற்றிய பிறகே மற்றதை யோசிக்க வேண்டும்.

சூட்டைக் கணக்கில் எடுக்காதது

முதலில் சீராக ஓடி, சிறிது நேரம் கழித்துத் திணறத் தொடங்கும் வீடியோவுக்கும் கோடெக்குக்கும் பெரும்பாலும் தொடர்பிருக்காது. சூடேறிய பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதே அங்கே காரணம். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வேகத்தைப் பார்த்தால் 3 கிகாஹெர்ட்ஸில் இருந்தது 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கியிருக்கும். மெத்தைமேல் வைத்துப் படம் பார்ப்பவர்களின் மடிக்கணினியைத் திறந்தால், பேனுக்கும் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சுபோல் தூசி அடைந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கோடெக் பொதிகளை இறக்குவது

வேண்டாம். விஎல்சி என்ற வீடியோ பிளேயர் தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னிடமே வைத்திருக்கிறது.

ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு மறப்பது

வீடியோவை விரிக்கும் வேலையைத் தனிச்சுற்றுக்கு அனுப்பும் பிரவுசர் அமைப்பு இது. சோதனைக்காக அணைக்கலாம், சோதனை முடிந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும்.