வீழ்ந்த மானை நெருங்கும் முறை

தரையில் சாய்ந்துவிட்ட மான் வேறு, இறந்துவிட்ட மான் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிச் சுட்ட கையோடு ஓடிச்செல்வது, வேட்டைக்காரர் செய்யக்கூடிய பிழைகளுள் மிக இயல்பானதும் மிக ஆபத்தானதும் ஆகும். வளர்ந்த வெண்வால் கலைமானின் எடை 100 கிலோவைத் தாண்டக்கூடும். செம்மான் போன்ற பெரிய இனங்களில் 200 கிலோவைக் கடந்த கலைமான்களும் உண்டு. உயிருக்குப் போராடும் அத்தகைய விலங்கு ஒருமுறை தலையை உதறினால், அருகில் குனிந்து நிற்பவரின் தொடையிலோ வயிற்றிலோ கொம்பின் கிளை பாய்வதற்கு ஒரு நொடி போதும். கொம்பில்லாத பிணைமானும் ஆபத்தற்றதன்று. அதன் குளம்புகள் கூர்மையானவை, கால்களின் வலிமையும் குறைந்ததன்று. சட்டம் அனுமதிக்கும் நாட்டில், உரிய உரிமத்துடன், உரிய பருவத்தில் வேட்டையாடுவோருக்காகவே இவ்வழிமுறையை எழுதுகிறேன்.

சுட்டவுடன் முதலில் செய்ய வேண்டியது, இருந்த இடத்தில் அப்படியே இருப்பதுதான். மான் விழுந்துவிட்டதைக் கண்ணால் கண்டாலும், உடனே அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றி, துப்பாக்கியை அதன் பக்கமே வைத்துக்கொண்டு கவனியுங்கள். அதே நேரத்தில், குண்டு பட்டபோது மான் நின்ற இடத்தையும், கடைசியாக அது கண்ணில் பட்ட இடத்தையும், அருகிலுள்ள மரம், பாறை, முறிந்த கிளை போன்ற ஏதேனும் ஓர் அடையாளத்தோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பரணிலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்த புதர், கீழே இறங்கி நடக்கும்போது மற்றப் புதர்களோடு கலந்து மறைந்துவிடும். ஆகவே இறங்கும் முன்பே திசைகாட்டியில் திசையைக் குறித்துக்கொள்வது நல்லது.

குண்டு பட்ட இடத்திலேயே பொத்தென்று விழும் மானிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. முதுகெலும்பின் மேல்பகுதியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளை மட்டும் குண்டு உரசிச் சென்றால், அந்த அதிர்ச்சியில் நரம்புகள் சிறிது நேரம் செயலிழக்க, மான் மரம் சாய்வது போலச் சாயும். ஆனால் உயிர்நிலை எதுவும் சிதைந்திராது. சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ நினைவு திரும்பியதும் அது எழுந்து ஓடிவிடும். கொம்பின் அடியில் குண்டு பட்டாலும் இதுவே நிகழலாம். என் தொடக்கக் காலத்தில் இவ்வாறு விழுந்த ஒரு கலைமானைக் கண்டு, துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு நடந்தேன். பதினைந்து அடி தூரத்தில் அது எழுந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. இருட்டும்வரை தேடியும் அது கிடைக்கவில்லை. என்னைக் குத்தாமல் விட்டது என் நல்லூழ். காயத்தோடு போன அந்த மானுக்கு நான் இழைத்தது தீங்கு. நெஞ்சறையில் சரியாக அடிபட்ட மானோ பெரும்பாலும் விழுவதில்லை. பின்னங்காலை உதைத்துத் துள்ளி, ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை ஓடி, அதன் பிறகே சாயும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை, மான் எவ்வாறு அடிபட்டது என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். கண்ணெதிரே அசைவின்றிக் கிடந்தால் குறைந்தது பதினைந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்ணை விட்டு மறைந்திருந்தால் குருதித் தடம் பேசும். பளிச்சென்ற நிறத்தில், சிறுசிறு குமிழிகளோடு நுரைத்த குருதி நுரையீரல் காயத்தைக் காட்டும்; அரை மணி நேரம் கழித்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல் காயமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை கலந்த நீரும், செரிக்காத இரைத் துணுக்குகளும், நாற்றமும் சேர்ந்திருந்தால் குண்டு வயிற்றில் பாய்ந்திருக்கிறது. அடிபட்டதும் முதுகை வளைத்துக் கூனிக்குறுகி மெல்ல நடந்து சென்ற மானும் பெரும்பாலும் இவ்வகையே. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை பொறுமை வேண்டும். தொந்தரவு செய்யப்படாத மான் சிறிது தூரத்திலேயே படுத்துவிடும், அங்கேயே உயிர் விடும். துரத்தப்பட்டால் அச்சத்தின் வேகத்தில் வெகுதூரம் ஓடி, தடமே இல்லாமல் மறைந்துபோகும் என்பதே இக்காத்திருப்புக்குக் காரணம். மழை குருதியைக் கழுவிவிடும் நிலையில் மட்டும் இக்கணக்கைச் சற்று மாற்றிக்கொள்ளலாம்.

காத்திருப்பது என்பதை, மானைத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது என்று எவரும் பொருள் கொள்ளக் கூடாது. உங்கள் பார்வைக்குள், பாதுகாப்பாகச் சுடக்கூடிய நிலையில், மான் எழ முயன்றுகொண்டோ தலையைத் தூக்கிக்கொண்டோ இருந்தால், இருந்த இடத்திலிருந்தே தயங்காமல் மறுபடியும் சுட வேண்டும். இரண்டாவது தோட்டாவைச் செலவழிப்பதை இழுக்காகக் கருதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தவறான பெருமிதம். அதன் விலையை மான்தான் கொடுக்கிறது.

பரணில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வேட்டை முடிந்த படபடப்பில் கையும் காலும் நடுங்கும். அந்த நடுக்கத்தோடு ஏணியில் இறங்கும்போதுதான் கால் வழுக்கும். மூச்சு சீரானபின், விழாமல் காக்கும் இடுப்பு வாரைக் கழற்றாமல், தோட்டாவை முழுவதும் நீக்கிய துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிவிட்டு, அதன்பின் இறங்குங்கள். தரையில் நின்ற பிறகு மறுபடியும் தோட்டா ஏற்றிக்கொள்ளலாம்.

நடக்கும்போது பாதுகாப்புப் பூட்டு போடப்பட்டிருக்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குழலின் வாய் உங்களையும் கூட வருபவரையும் நோக்காதிருக்க வேண்டும். கூட வருபவர் உங்களுக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோதான் வர வேண்டும். இருவர் இரு எதிர்த்திசைகளிலிருந்து ஒரே மானை நெருங்குவது, ஒருவர் குண்டுக்கு மற்றவர் இலக்காவதற்கு வழி செய்யும். கரடி போன்ற விலங்குகள் உலவும் காடானால், மானைப் பார்க்கும் முன் அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பாருங்கள். இருபது முப்பது அடிக்கு ஒருமுறை நின்று பைனாகுலரால் மானை உற்று நோக்குங்கள். குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கிமேல் பொருத்திய ஸ்கோப்பைத் தொலைநோக்கியாகப் பயன்படுத்துவது கூடாது. அப்படிப் பார்க்கும் இடத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தால், அவரை நோக்கித் துப்பாக்கி நீட்டியவராகிவிடுவீர்கள்.

மானின் முதுகுப்புறமாக நெருங்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி. கால்கள் நீட்டியிருக்கும் பக்கம் உதையின் எல்லை. தலைக்கு நேரெதிர் கொம்பின் எல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வருபவர் இவ்விரண்டுக்கும் எட்டாமல் இருப்பதோடு, மானின் பார்வையிலும் எளிதில் பட மாட்டார். சரிவான நிலமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து வாருங்கள். கீழே நின்றால், ஒரு துள்ளலில் அவ்வளவு எடையும் உங்கள்மீது உருண்டு வரும். முதுகுப்புறம் பாறையோ பள்ளமோ இருந்து வழி மறித்தால், சுற்றி வந்து வேறு கோணம் தேடுவதே முறை. அவசரத்தில் மானின் கால்களுக்கு முன்னால் கடந்து போகாதீர்கள்.

பதினைந்து அடி தூரத்தில் நின்று விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் மூச்சு இருக்கிறது. காது திரும்புகிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றையும் விடக் கண் தெளிவாகச் சொல்லும். இறந்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பார்வை நிலைகுத்தி, சிறிது நேரத்தில் ஒளி மங்கிவிடும். கண் மூடியிருந்தால் அது உயிரோடிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இவையெல்லாம் பார்த்த பிறகும், நீண்ட குச்சி ஒன்றை எடுத்து, முதுகுப்புறம் நின்றபடியே கருவிழியை மெல்லத் தொடுங்கள். இமை அசைந்தால் உயிர் உண்டு, அசையாவிட்டால் இல்லை. குச்சிக்குப் பதிலாகக் குழலின் வாயால் தொடும் வழக்கமும் இருக்கிறது. தோட்டா ஏற்றிய துப்பாக்கியைக் கைநீளத்துக்கு நீட்டி ஒரு விலங்கைச் சீண்டுவது எனக்கு ஒப்புதலன்று. குச்சி காட்டில் எங்கும் கிடைக்கும். காலால் உதைத்துப் பார்ப்பதும், கொம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதும் அறவே கூடாது. இறந்தபின்னும் தசைகள் சில நேரம் வெட்டி இழுத்துக் கால்கள் உதறுவதுண்டு. அது உயிர் அன்று என்றாலும் குளம்பு பட்டால் காயம் காயமே.

உயிர் இருப்பது தெரிந்தால், பதறாமல் சில அடி பின்வாங்கி, மண்டை கழுத்தோடு சேரும் இடத்திலோ, தோள்பட்டைக்குப் பின்னால் விலாவினூடே நெஞ்சறையிலோ சுடுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஸ்கோப் குழலுக்கு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் மேலே பொருத்தப்பட்டிருப்பதால், சில அடி தூரத்தில் குண்டு நீங்கள் குறி வைத்த புள்ளிக்கு அவ்வளவு கீழேதான் படும்; அதற்கேற்ப மேலே குறி வைக்க வேண்டும். மானுக்கு அடியில் பாறையோ உறைந்த நிலமோ இருந்தால் குண்டு தெறித்துத் திரும்பக்கூடும் என்பதால், மென்மையான மண் பின்னணியாக அமையும் கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். வில்லாளர்கள் கத்தியை உருவாமல், எட்டி நின்று நுரையீரலை நோக்கி இரண்டாவது அம்பை விட வேண்டும். உயிருள்ள மானின் கழுத்தைக் கத்தியால் அறுக்க முயல்வது மானுக்குக் கொடுமை, உங்களுக்கு ஆபத்து.

இறப்பு உறுதியானதும், முதலில் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை நீக்கி, துப்பாக்கியைக் கால் தட்டாத இடத்தில் வையுங்கள். மானின் உடலில் உரிமச் சீட்டைக் கட்டுவது அந்தந்த நாட்டுச் சட்டப்படி. குடலை நீக்கும் முன் கையுறை அணிய வேண்டும். மான்களை மெலியச் செய்து கொல்லும் நாள்பட்ட மெலிவு நோய், 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது, இன்று வேறு பல இடங்களிலும் காணப்படுகிறது. எலும்பும் தோலுமாய் இருந்த மானானால் மூளையையும் தண்டுவடத்தையும் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அம்பால் வீழ்ந்த மானின் உடலுக்குள் முறிந்த அம்பின் அலகு தங்கியிருக்கலாம்; அது எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை உள்ளே கண்மூடித்தனமாகக் கையை நுழைக்காதீர்கள். வெளியே கொண்டுவரும்போது மானைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். மரங்களின் ஊடே அசையும் கொம்பை மட்டும் பார்க்கும் மற்றொரு வேட்டைக்காரர் அதன்மீது குறி வைக்கக்கூடும். தரையில் இழுத்து வாருங்கள். கொம்பின்மீது ஒளிரும் ஆரஞ்சு நிறத் துணி ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.