ஃபினஸ் எந்தப் பக்கம் போக வேண்டும்?

பிரிட்ஜில் டம்மி (உங்கள் கூட்டாளி மேசையில் திறந்து வைக்கும் கை) விரிந்ததும் சீட்டில் கை வைக்காதீர்கள். நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்றால் உறுதியான ட்ரிக்குகளை, அதாவது நிச்சயம் பிடிக்கக்கூடிய சுற்றுகளை, எண்ணுங்கள். துருப்பு ஆட்டம் என்றால் எதிரிக்குப் போகக்கூடிய ட்ரிக்குகளை எண்ணுங்கள். எத்தனை குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் ஃபினஸ் (பெரிய சீட்டு எந்த எதிரியிடம் என்று ஊகித்து, அதைவிடச் சின்னதால் ட்ரிக் எடுக்கப் பார்ப்பது) பற்றி யோசிக்க வேண்டும்.

நீங்கள் தெற்கு, டம்மி வடக்கு, கான்ட்ராக்ட் 3 நோ டிரம்ப்: 13 ட்ரிக்கில் 9 எடுக்க வேண்டும், எதிரிக்கு 4 வரை விடலாம்.

டம்மி: இஸ்பேட் 8 4; ஆர்ட்டின் ஏஸ் ராணி 5; டைமன் ராஜா 10 8 4; கிளாவர் ஏஸ் 7 3 2.
உங்கள் கை: இஸ்பேட் ஏஸ் 7 3, ஆர்ட்டின் ராஜா 8 4, டைமன் ஏஸ் ஜாக்கி 9 5, கிளாவர் ராஜா 6 4.

மேற்கு இஸ்பேட் 5 இறக்குகிறார், கிழக்கு ராணி போடுகிறார். இஸ்பேட் 1, ஆர்ட்டின் 3, டைமன் 2, கிளாவர் 2, ஆக 8. ஒன்பதாவது டைமனில்தான் வர வேண்டும். ராணியை இரு பக்கமும் தேடலாம். பலர் இங்கே குருட்டாம்போக்கில் ஒரு பக்கம் போய்த் தோற்கிறார்கள். ராணி யாரிடம் என்பதை விட, யார் கைக்கு ஆட்டம் போனால் ஆபத்து என்பதே இங்கு கேள்வி.

ஏஸை உடனே போடாதீர்கள். எத்தனை முறை விடுவது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: 7-இலிருந்து இரு கைகளின் இஸ்பேட் எண்ணிக்கையான 5-ஐக் கழித்தால் 2. இரண்டு முறை விட்டுக்கொடுத்து, மூன்றாவதில் எடுங்கள். மேற்கிடம் ஐந்து இஸ்பேட் இருந்தால் கிழக்கிடம் இனி ஒன்றும் இராது. இப்போது டைமன் ஏஸ், பிறகு கையிலிருந்து ஜாக்கி. மேற்கு ராணி போட்டால் ராஜாவால் எடுங்கள். போடாவிட்டால் டம்மியில் சின்னதை விடுங்கள். கிழக்கு ராணியால் எடுத்தாலும் திருப்பி ஆட இஸ்பேட் இல்லை. இஸ்பேட் 4-4 பிரிந்திருந்தாலும் எதிரிக்கு மொத்தம் 4 ட்ரிக்தான். மாறாக, டம்மியிலிருந்து கிழக்கின் ஊடாக ஃபினஸ் செய்து மேற்கிடம் ராணி இருந்தால், அவர் மிச்ச இரண்டு இஸ்பேட்டையும் அடிப்பார்; ஒன்று டவுன், அதாவது கான்ட்ராக்டுக்கு ஒரு ட்ரிக் குறைவு.

இப்படிப் பாதுகாப்பான பக்கம் இல்லாதபோதுதான் விகிதம் பார்க்க வேண்டும். ராணி வெளியே இருந்து, அந்த வகையில் உங்கள் இரு கைகளிலும் சேர்த்து எட்டுச் சீட்டு என்றால் ஃபினஸ். ஒன்பது என்றால் ராணி விழும் என்று நம்பி ஏஸ், ராஜா அடிப்பது சற்று மேல். ஒரு சீட்டு வகையில் ஏஸ், ராஜா, இன்னொரு வகையில் ஏஸ், ராணி இருந்து, ஒன்று பலித்தாலே போதும் என்றால், முதல் வகையை அடித்து ராணி விழுகிறதா என்று பாருங்கள்; விழாவிட்டால் மட்டும் ஃபினஸுக்குப் போங்கள். முதலில் ஃபினஸ் தோற்றால் ஆட்டம் எதிரி கைக்குப் போய், மற்ற வாய்ப்பைப் பார்க்கவே முடியாமல் போகலாம்.

டம்மியில் ஏஸ், கையில் ராணி இருந்து, ஜாக்கி மட்டும் உங்களிடம் இல்லை என்றால் ராணியை இறக்காதீர்கள்: மேற்கு ராஜாவை மேலே போட்டால் ஏஸ் செலவாகி, எதிரியின் ஜாக்கி பெரிதாகிவிடும். டம்மியிலிருந்து ராணியை நோக்கிச் சின்னச் சீட்டை ஆடுங்கள்.