சின்னப் பட்டறையில் தலைக்கு மேல் ஒரு தட்டு

குமரி மாவட்டத்தில் வீட்டை ஒட்டி மரவேலைக்கென்று ஒதுக்கும் இடம் பெரும்பாலும் பத்துக்கு எட்டடிச் சாய்ப்புதான். பலகைகளைத் தரையில் அடுக்கினால் நடக்க வழி இருக்காது. ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று என்று ஈரமும் ஏறும், கரையானும் வரும். பழைய ஓட்டு வீடுகளில் தட்டு, அதாவது பரண், போட்டுப் பாத்திரமும் தேங்காயும் ஏற்றி வைத்தார்களே, அதையே பட்டறைக்குச் செய்வோம்.

தொடங்கும் முன் ஒன்று: பாரம் கூரையில் தொங்கக் கூடாது, சுவரில் உட்கார வேண்டும். கூரைச் சாய்வில் இறங்கும் கழுக்கோலும் அதன் குறுக்கே அடிக்கும் பட்டியலும் ஓடுகளைத் தாங்குவதற்குப் போட்டவை. தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. 8 அடி நீளம், 9 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள பலகை அரை கன அடி, அதாவது 9 கிலோ. பத்துப் பலகை ஏற்றினாலே 90 கிலோ ஆகிவிடும். ஷீட் கூரை என்றால் அதில் எதையும் மாட்டவே வேண்டாம்; அஸ்பெஸ்டாஸில் துளை போட்டால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு.

முதலில் குழாய் வாங்குங்கள். 2 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய், 2 மி.மீ. கனத்தில், மூன்று போதும். எட்டடி அகலமான இடத்துக்கு ஒவ்வொன்றையும் எட்டரை அடியாக வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய முனையில் ஜிஐ பூச்சு போயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். குளச்சல் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் முனைகளுக்கு ஜிங்க் பிரைமர் அடிக்காமல் சுவருக்குள் விடக் கூடாது.

அடுத்து அளவு. தரையிலிருந்து 7 அடி உயரத்தில், இரண்டரை அடிக்கு ஒன்றாக, எதிரெதிர்ச் சுவர்களில் குறியுங்கள். ரசமட்டக் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தால் மட்டம் தவறாது. மின்வயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகே உளியை எடுங்கள்.

இப்போது குழி. எப்படி நுழைப்பது என்றுதான் புதியவர்கள் திகைப்பார்கள், ஏனென்றால் குழாய் அறையைவிட நீளம். 9 அங்குலச் சுவரில் ஒரு பக்கம் 6 அங்குல ஆழமும் எதிர்ப்பக்கம் 3 அங்குல ஆழமும் தோண்டுங்கள், வாயைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஆழமான குழிக்குள் குழாயை முழுக்கத் தள்ளி, மறுமுனையை எதிர்க்குழிக்கு நேராகக் கொண்டுவந்து, 3 அங்குலம் திரும்ப இழுத்தால் இரண்டு பக்கமும் சமமாக உட்காரும். பின்னால் மிஞ்சும் குழியைச் செங்கல் துண்டும் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையும் வைத்து இறுக்கி அடையுங்கள். ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சுவர் ஹாலோ பிளாக் என்றால் அந்த இடத்துப் பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்பிய பிறகே குழாய்.

பலகை ஏற்றும் முன் சிமெண்டுச் சாக்குகளில் மணல் நிரப்பி, ஏற்றப்போகும் எடைக்குக் குறையாமல் வைத்து, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். குழாய் நுழையும் இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் இறக்கிவிட்டு மறுபடி அடைக்க வேண்டும்.

சரி, மேலே எதை வைப்பது? நீளமான பலகை, பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய பட்டை), அடிக்கடி தேவைப்படாத ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்). சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, அடுக்குகளுக்கு நடுவே ரீப்பர் துண்டு கொடுத்தால் காற்று ஓடும். ரப்பர் மரத்தை மருந்து ஏற்றாமல் வைக்காதீர்கள். அதில் விழும் வண்டு பக்கத்துப் பலகைக்கும் போகும். தின்னர், பெயிண்ட் டப்பா எல்லாம் கீழேயே இருக்கட்டும், ஷீட்டுக்கு அடியில் வெயில் நேரத்துச் சூடு அவற்றுக்கு ஆகாது.

தட்டின் அடிப்பக்கமும் இடம்தான். குழாய்களின் அடியில் ஒரு பலகையைப் போல்ட் போட்டு இறுக்கி, ஊறுகாய் பாட்டில் மூடிகளை அதில் திருகுங்கள். ஆணி, ஸ்குரூ போட்ட பாட்டிலை அந்த மூடியில் மாட்டிவிடலாம். ஒவ்வொரு மூடிக்கும் இரண்டு ஸ்குரூ கட்டாயம். ஒன்று போட்டால் பாட்டிலைத் திறக்கும்போது மூடியும் கூடவே சுற்றும்.