முக்கூடலையும் குற்றாலத்தையும் பாட்டோடு சேர்த்துப் படிக்கும் முறை

இயற்கையையும் மக்கள் வாழ்வையும் பாடும் செய்யுள்களைத் தேர்வுக்குப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் உரையிலிருந்தே தொடங்குகிறோம். பாடப்பட்ட ஆறும் மலையும் பேருந்து போகும் தொலைவில் இருக்கும் திருநெல்வேலிச் சீமையில் அவ்வாறு படிப்பது வாய்ப்பை வீணாக்குவது என்பது, இங்கே தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் என்ற முறையில் என் கருத்து. பாட்டு எந்த இடத்தைச் சொல்கிறது, எந்தப் பருவத்தைச் சொல்கிறது, யார் சொல்வதாக அமைந்திருக்கிறது என்பவற்றை முதலில் அறிந்துகொண்டு, உரையை அதன் பிறகு திறக்க வேண்டும்.

உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு என்னும் வகையைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் தெரியாத முக்கூடற் பள்ளு இதற்கு ஏற்ற நூல். சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் இடத்தில் நின்று, ‘ஆற்று வெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி, மலையாள மின்னல் ஈழமின்னல் சூழ மின்னுதே’ என்ற அடிகளை வாய்விட்டுப் படியுங்கள். மேற்கே மலையாள நாடு, தென்கிழக்கே ஈழம் என்று கையை நீட்டிக் காட்டிப் பார்த்தால், பாடியவர் வானத்தின் இரு புறங்களையும் பார்த்தே பாடினார் என்பது விளங்கும். வெள்ளம் ஏன் ‘நாளை’ வருகிறது என்பதற்கும் நிலவியலே விடை தருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை சமவெளிக்கு இறங்கி வரக் காலம் பிடிக்கும். ஆகையால் ஊரில் தூறல் விழுவதற்கு முன்பே ஆறு பெருகிவிடலாம். அடுத்துச் சொறித்தவளை கூப்பிடுவதும், நண்டு தன் வளையைச் சேற்றால் அடைப்பதும், வானம்பாடி ஆடுவதும் வருகின்றன. இவற்றை வெறும் வருணனை என்று குறித்துக்கொள்ளாமல், உழவர்கள் மழையை முன்னறியப் பயன்படுத்திய அடையாளங்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நெல் வகைகளும் மாட்டு வகைகளும் வரும் பகுதிகளை அகராதியோடு மட்டும் படிக்காமல், கார், பிசானம் என்னும் இரு பருவங்களிலும் பயிரிட்ட முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுவது நல்லது. அவர் சொல்வது உரையோடு மாறுபட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஆற்றின் அழகோடு நின்றுவிடவும் கூடாது. அதே நூலில் பண்ணைக்காரன், வயலில் உழைக்கும் பள்ளனைத் தொழுவில், அதாவது காலைப் பிணைக்கும் தண்டனை மரத்தில், மாட்டுகிறான். அவன் மனைவியரான முக்கூடலைச் சேர்ந்த மூத்த பள்ளியும் மருதூரைச் சேர்ந்த இளைய பள்ளியும் திருமாலையும் சிவனையும் ஏசிக்கொள்கிறார்கள். வெள்ளத்துக்காகக் காத்திருந்தவர்கள் நிலத்தின் உடைமையாளர்கள் அல்லர், அதில் உழைத்தவர்கள். இதைச் சேர்த்துப் படிக்காதவருக்கு வெள்ளப் பாடலில் உள்ள மகிழ்ச்சியின் பொருள் பாதிதான் கிடைக்கும். (வகுப்புகளில் வெள்ளப் பாடலை மட்டும் பிரித்தெடுத்து நடத்துவது எனக்கு உடன்பாடில்லை.)

குறத்தி குறி சொல்வதைப் பாடும் நூலான, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சிக்கு வேறொரு எச்சரிக்கை தேவை. குரங்குகள் கனி கொடுத்துக் கொஞ்சுவதை மலையடிவாரத்தில் நின்றே கற்பனை செய்துவிடலாம். ஆனால் தேனருவியின் திரை வானில் எழும்பி, கதிரவனின் குதிரைக்காலும் தேர்க்காலும் வழுக்குகின்றன என்ற அடியை அருவியின் உயரத்தோடு ஒப்பிட்டு அளப்பதில் பயனில்லை. நூலின் தலைவி வசந்தவல்லியிடம் தன் மலையின் வளத்தைக் கூறும் குறத்தி, செய்யுளை ‘எங்கள் மலையே’ என்று முடிக்கிறாள். அவ்வளவு மிகைப்படுத்தும் உரிமையை அந்தப் பெருமிதமே அவளுக்குத் தருகிறது. சாரல் பெய்யும் ஆனி, ஆடியில் சென்றால் அவள் பெருமைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை நேரில் காணலாம். கோடையில் சென்றால் வறண்ட பாறைதான் காட்சி தரும்.

விடை எழுதும்போது, இப்படி மிகைப்படுத்திக் கூறுவதை உயர்வு நவிற்சி அணி என்று பெயரிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடாதீர்கள். சொல்பவர் யார், எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் என்று இரண்டு வாக்கியங்களில் எழுதிய பிறகு அணியின் பெயரைக் குறிப்பிட்டால், அந்த மிகை எதற்காக வந்தது என்பதையும் அங்கேயே விளக்கிவிட முடியும்.